அவள் தானாகத் தின்ற முதல் சாப்பாடு

மார்ச் 4

அளவுக்காரிக்கு,

நீ முகாமுக்குப் போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. போனில் பேச வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் நடந்து மலை வளைவுக்கு வரவேண்டும் என்கிறாய். அப்படி வந்து பேசினாலும் இரண்டாவது நிமிஷம் நீ கத்துவாய், மூன்றாவது நிமிஷம் நான் வைத்துவிடுவேன். நீ கிளம்பின அன்று வாசலில் நாம் போட்ட சண்டையைத் தெருவே பார்த்தது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நீ எழுதி வைத்துவிட்டுப் போன நாலு பக்கத்தையும் படித்தேன். பைண்டிங் பண்ணித் தரவா? காலையில் அரைத்தது, மத்தியானம் அரைத்தது, சாயங்காலம் அரைத்தது. மூன்று முறை வடிகட்டு. பெல்ட் போட்டு நாற்காலியில் உட்கார வை. யானைப் பாட்டைப் போட்டுப் போனை முகத்துக்கு நேரே பிடி. வாய் திறந்ததும் உள்ளே தள்ளு.

முதல் நாள் மத்தியானச் சாப்பாடு ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆயிற்று. யானை பதினாறு தடவை குளித்தது. வாண்டு கண் கொட்டாமல் அதையே பார்த்தாள். என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்று அவளுக்குத் தெரியவே இல்லை. கடைசி மூன்று கரண்டியை அரை மணி நேரம் கன்னத்திலேயே அடக்கி வைத்திருந்து, நான் தோளில் போட்டதும் என் சட்டையில் துப்பினாள்.

நிஜமாகவே திகைத்துப் போனேன். இத்தனை நாளாக மூன்று வேளையும் மாடியில் இதைத்தான் செய்துகொண்டிருந்தாயா? கீழே பட்டறையில் கட்டிங் மிஷின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்டதில்லை. "ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டறது என்ன பெரிய வித்தையா?" என்று அன்றைக்குக் கேட்டேனே, அந்த வாயில் நாலு போடலாம்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இரண்டே கால் வயசுப் பிள்ளை. பல் பதினெட்டு இருக்கிறது. நேற்று என் விரலைக் கடித்ததில் எண்ணிப் பார்த்துவிட்டேன். பல் இருக்கிற பிள்ளைக்கு எதற்கு மிக்ஸி?

பதில் போடு.

உன் பைண்டர்


மார்ச் 9

பைண்டர் அவர்களுக்கு,

ஜீப் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தபால் கொண்டுவருகிறது. உங்கள் கடிதத்தைக் கூடாரத்துக்கு வெளியே நின்றுகொண்டே படித்தேன். சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. மூன்று நாள் செய்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

சாலைக்கு அளவெடுக்க மூன்று மாத வேலை என்று தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் என்று என்னை நானே தினமும் திட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் வேண்டாம்.

எழுதி வைத்தபடி செய்யுங்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரையுங்கள். யானை அலுத்துவிட்டால் ரயில் பாட்டு இருக்கிறது.

கையில் மட்டும் எதையும் கொடுக்காதீர்கள். பழமோ ரொட்டியோ, எதுவானாலும் வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு என்மேல் கொஞ்சமாவது பிரியம் இருந்தால் இந்த ஒன்றைக் கேளுங்கள்.

எடை பார்த்தீர்களா? ராத்திரி என்னைத் தேடுகிறாளா?

அவளுடைய அம்மா


மார்ச் 15, மருத்துவமனை

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் இதைப் படி: வாண்டு நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள். மூச்சு சீராக வருகிறது. இப்போதுகூட வயிற்றின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மூன்று நாளைக்கு முன் அடிவாரத்து முகாம் ஆபீஸுக்குப் போன் செய்தேன். நீ மேலே அளவெடுக்கப் போயிருந்தாய். "பாப்பாவுக்கு வயித்து வலி, இப்ப சரியாயிடுச்சுன்னு சொல்லிடுங்க" என்று கிளார்க்கிடம் சொன்னேன். அது பொய். நடந்தது இதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. காலையிலும் சாப்பிடவில்லை. யானைக்கும் வாய் திறக்கவில்லை, ரயிலுக்கும் திறக்கவில்லை. நான் தோற்றுப்போய்க் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, அவளைக் கீழே பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். கல்லூரி ஆய்வேடுகள் முப்பது, மறுநாள் கொடுக்க வேண்டியவை. அவளைப் பாயில் உட்காரவைத்துவிட்டு ஆய்வேடுகளின் முதுகில் துணி ஒட்டிக்கொண்டிருந்தேன். நான் கிண்ணத்தில் கைவிட்டுப் பசையை எடுப்பதையும் தடவுவதையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் அட்டைக்காரர் கூப்பிட்டார். அட்டைக் கட்டுகளை இறக்கி வாங்கி வைக்க மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தேன். பசைக் கிண்ணத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் உள்ளே. அள்ளி அள்ளி வாயில் வைக்கிறாள். முகமெல்லாம் பசை. யாரும் ஊட்டவில்லை, பாட்டு இல்லை, பெல்ட் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

உன்னிடம் மறைக்கமாட்டேன். ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் பிள்ளை தானாகச் சாப்பிடுகிறாளே என்று.

அப்புறம்தான் பசையில் கலந்திருந்த மயில்துத்தம் நினைவுக்கு வந்தது.

பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் துத்தம், அந்த நீல விஷ உப்பு, போட்டுத்தான் காய்ச்சுவேன், உனக்குத் தெரியும். தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். காலில் செருப்பு இல்லை. என் தோளிலேயே வாந்தி எடுத்தாள். பச்சையும் நீலமுமாக. பிள்ளை வாயிலிருந்து அந்த நிறம் வருவதைப் பார்த்த கண்ணை நான் என்ன செய்ய? தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். வழி நெடுக ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

டாக்டரம்மா முதலில் கேட்டது, "எவ்வளவு துத்தம் போடுவீங்க?" என்றுதான். ஒரு கிலோ மாவுக்கு ஒரு சிட்டிகை என்றேன். அன்றைக்குக் காய்ச்சினது அரைக் கிலோ. உள்ளே போனது கொஞ்சம், அதிலும் பாதி வாந்தியில் வந்துவிட்டது என்றார். மூன்று நாளாக ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிறார்கள். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இன்று காலையில்தான் சொன்னார்கள். அதற்காகத்தான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன்.

திட்டு. என்ன வேண்டுமானாலும் திட்டு.


மார்ச் 20

நேற்று வளைவுக்கு ஓடிப்போய் போன் செய்தேன். அவள் "அம்மா" என்று சொன்னதைக் கேட்டேன். அதற்குப் பிறகு உங்களிடம் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. எதையும் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மாட்டேன்.

வயிற்று வலி என்று கிளார்க் சொன்னபோது, "அப்பாவும் பொண்ணும் வெளியில எதையாவது வாங்கித் தின்னிருப்பாங்க" என்று சிரித்தேன். என் பிள்ளை நீல வாந்தி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும், நான் இங்கே வேளா வேளைக்குத் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். கடிதத்தைப் படித்ததிலிருந்து எதையும் விழுங்க முடியவில்லை.

விஷக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பிள்ளையை உட்காரவைப்பார்களா? பெற்றவர்தானா நீங்கள்?

வேலையை விடுகிறேன். வெள்ளிக்கிழமை ஜீப்பில் கிளம்பி வருகிறேன். நான் வருகிறவரை அவளை மடியை விட்டு இறக்காதீர்கள்.


மார்ச் 24

அளவுக்காரிக்கு,

வெள்ளிக்கிழமை முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ வரவில்லை. முகாம் ஆபீஸுக்குப் போன் செய்தால், "நல்லா இருக்காங்க, வேலைக்குப் போயிருக்காங்க" என்கிறார் கிளார்க். நான் சொல்லிக்கொடுத்த பொய்யை எனக்கே திருப்பிச் சொல்கிறாரோ என்று பயமாக இருக்கிறது. கோபம் என்றால் கோபம் என்றாவது ஒரு வரி எழுது.

இனிமேல் பசையில் துத்தம் இல்லை. அன்றன்றைக்குக் காய்ச்சி, மீந்தால் கொட்டிவிடுகிறேன். பட்டறைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போட்டாயிற்று. இதெல்லாம் திருடன் போனபின் போடுகிற பூட்டு. தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் அன்று நடந்ததை எழுதியாக வேண்டும். டாக்டரம்மா ஒரு வாழைப்பழத்தைப் பாதி உரித்து, தட்டில் வைத்து வாண்டுக்கு முன்னால் வைத்தார். இவள் பழத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். கை இரண்டும் மடியிலேயே இருந்தன. திறந்த வாயோடு அப்படியே காத்துக்கொண்டிருந்தாள்.

"கையை நீட்டினா எடுக்கலாம்னே இவளுக்குத் தெரியலையே" என்றார்.

"அன்னிக்குப் பசையை அள்ளி அள்ளித் தின்னாளே டாக்டர்?"

"அன்னிக்கு யாரும் பார்க்கலையே."

அவர் உட்காரச் சொல்லிப் பேசினார். என்ன கொடுக்கிறது, எப்போது கொடுக்கிறது என்பது நம் வேலையாம். எவ்வளவு சாப்பிடுகிறது, சாப்பிடுகிறதா வேண்டாமா என்பது அவள் வேலையாம். "நீங்க அவ வேலையையும் சேர்த்துப் பார்க்கறீங்க. அவளுக்குப் பசின்னா என்னன்னே தெரிய விடலை. பசிச்சு, அவளா எடுத்தது அன்னிக்கு ஒருநாள்தான். அது பசையாப் போச்சு" என்றார். கடைசியில், "கையில எதுவுமே கொடுக்கக் கூடாதுன்னு ஏன் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். என் மனைவிக்குத்தான் தெரியும் என்றேன்.

கேட்காதே என்று எழுதினாய். இப்போது கேட்கிறேன். ஏன்?

உன் பைண்டர்


மார்ச் 29

உங்களுக்கு,

மூன்று தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அவளுக்குப் பத்து மாதம். நீங்கள் கீழே வேலையில் இருந்தீர்கள். ஆப்பிள் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, துணி மடித்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது. இருமல், அழுகை எதுவும் இல்லை. என்னடா இவ்வளவு அமைதியாக இருக்கிறாளே என்று திரும்பினேன். உதடு நீலமாக இருந்தது. கண் பிதுங்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்காலில் குப்புறப் போட்டு முதுகில் அடித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. உங்களைக் கூப்பிட்டேன். கட்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தத் துண்டு தரையில் விழுந்தது. என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அவள் வீறிட்டு அழுதபோது நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் மேலே வந்து, "என்ன, ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டீர்கள். பல் வருகிறது என்றேன். ஒன்றரை வருஷமாக அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு உங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நீங்கள் சொன்ன வயிற்று வலிப் பொய்யின் வயது மூன்று நாள். அதற்குத்தான் அந்தக் கத்து கத்தினேன்.

அன்று சாயங்காலமே மிக்ஸி வாங்கினேன். துண்டு என்ற ஒன்றே அவள் வாய்க்குள் போகக் கூடாது, அவள் கை எதையும் எடுக்கக் கூடாது, நான் பார்க்காமல் ஒரு வாய்கூட இறங்கக் கூடாது. கையைத் தட்டித் தட்டி விட்டேன். அழுதாள், போனைக் காட்டினேன். ஊட்டுகிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

அவளைப் பசையிடம் அனுப்பியது உங்கள் மூன்று நிமிஷம் மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். பெட்டியையும் ஏற்றியாயிற்று. டிரைவர் வண்டியைக் கிளப்பும்போது யோசித்தேன்: வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக என்ன செய்வேன்? மிக்ஸியைத்தான் எடுப்பேன். அது எனக்கே அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. "நிறுத்துங்கண்ணே" என்றேன். இறங்கிவிட்டேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

டாக்டரம்மா சொன்னபடி நீங்கள் செய்யுங்கள். நான் அங்கே இருந்தால் விடமாட்டேன். இங்கேயே இருக்கிறேன். அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் கையால் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டு, எனக்கு எழுதுங்கள்.


ஏப்ரல் 19

அளவுக்காரிக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அந்த மிஷினை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டிருக்கிறாய். நான் தாள் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது அவள் சாப்பிடுகிற நேரத்தில் மிஷின் ஓடுவதில்லை.

முதுகில் எங்கே, எப்படித் தட்டுவது, மேல் வயிற்றில் எங்கே அழுத்துவது என்பதை நர்ஸம்மா ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நீ வந்ததும் உனக்கும் சொல்லிக்கொடுப்பார்.

இந்த மூன்று வாரத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பழைய அட்டைப் பலகையை வைத்து அவள் உயரத்துக்கு ஒரு மேஜை செய்தேன். கால் தரையில் படுகிறது. பெல்ட் இல்லை, போன் இல்லை. நான் என்ன சாப்பிடுகிறேனோ அதுவே அவள் தட்டிலும். குழைய வேகவைத்த கேரட், உருளைக்கிழங்கு, முட்டை, சோறு. திராட்சையென்றால் நீளவாக்கில் நாலாக வெட்டி. ஆப்பிளைப் பச்சையாகக் கொடுப்பதில்லை, வேகவைத்துத்தான். அரை மணி நேரம். அப்புறம் தட்டை எடுத்துவிட வேண்டும். திட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, "ஒரே ஒரு வாய்" என்று சொல்லக் கூடாது.

முதல் நாள் வாயைத் திறந்து காத்திருந்தாள். நான் என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். அவள் ஒன்றுமே தொடவில்லை. இரண்டாம் நாள் கேரட்டைச் சுவரில் எறிந்தாள். மூன்றாம் நாள் எடை பார்த்தேன், முந்நூறு கிராம் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "தண்ணி குடிக்கிறா, விளையாடறா, இன்னும் ரெண்டு நாள் பாருங்க" என்றார் டாக்டரம்மா. மிக்ஸியை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்தேன். மறுபடி உள்ளே வைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை. முட்டையின் மஞ்சள் கருவை ஒரு விரலால் குத்தினாள். விரலை நக்கினாள். என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது பாதி முட்டை காணோம். கீழே விழுந்திருக்கும் என்று மேஜைக்கு அடியில் தேடினேன். இல்லை. நிஜமாகவே உள்ளே போயிருந்தது!

அடுத்த வாரம் உருளைக்கிழங்கு தொண்டைக்குப் போய் ஓக்களித்தாள். முகம் சிவந்தது, கண்ணில் நீர், பெரிய சத்தம். என் உயிர் என்னிடம் இல்லை. ஆனால் சத்தம் வந்தால் அவளே சமாளிக்கிறாள், சத்தம் இல்லாவிட்டால்தான் நாம் ஓட வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துண்டை வெளியே தள்ளினாள், அதைப் பார்த்தாள், சின்னதாகக் கடித்து மறுபடி வாயில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். நான்தான் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

போன முந்நூறு கிராமும் திரும்ப வந்துவிட்டது, மேலே நூறு கிராமோடு. தரைதான் போர்க்களம். சோற்றைத் தலைமுடியில் தடவுகிறாள். உன் மஞ்சள் திரைச்சீலை இனி உதவாது.

மே முதல் வாரம் இரண்டு நாள் லீவு கிடைக்கும் என்று போனில் சொன்னாயே. வா. பயப்படாமல் வா.

உன் பைண்டர்


மே 11

பைண்டருக்கு,

முகாமுக்கு வந்து சேர்ந்து மூன்று நாளாயிற்று. இன்னும் மூன்று வார வேலை. அதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே இருந்தபோது சொல்ல வாய் வரவில்லை. முன்போல ஒன்றரை வருஷம் அடைகாக்கவும் இனி எனக்குத் தெம்பில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் ஆய்வேடுகளைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கல்லூரிக்குப் போனீர்கள். முக்கால் மணி நேரம் அவளும் நானும் மட்டும். அவள் தட்டைப் போட்டேன். என் தட்டையும் எதிரே போட்டுக்கொண்டேன், நீங்கள் சொன்னபடியே. அவள் கேரட்டை ஒவ்வொன்றாக எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்துக் கடித்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒவ்வொரு கடிக்கும் மூச்சு நின்று நின்று வந்தது. பாதிச் சோறு அப்படியே இருந்தது. இரண்டு மாதமாகப் பார்க்காத பிள்ளை. கன்னம் வற்றியதுபோல என் கண்ணுக்குப் பட்டது.

போனை எடுத்தேன். யானைப் பாட்டைப் போட்டேன்.

திட்டாதீர்கள், முழுக்கப் படியுங்கள். அவள் கையிலிருந்த கேரட் நழுவித் தரையில் விழுந்தது. அதை அவள் பார்க்கவில்லை. முகம் போன் பக்கம் திரும்பியது, அப்படியே நின்றுவிட்டது. நான் கரண்டியைக் கொண்டுபோவதற்கு முன்பே வாய் திறந்துகொண்டது. பார்வை போனில், கை மடியில், வாய் மட்டும் தனியாக, இழுத்த மேஜை டிராயர் மாதிரி. உள்ளே வைத்தேன். மூடிக்கொண்டது. திறந்தது. வைத்தேன். மூன்று கரண்டி.

இத்தனை நாளில் நான் அவளுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் ஊட்டியிருக்கிறேன். கரண்டியையும் கிண்ணத்தையும்தான் பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்து அந்த முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அதில் நம் பிள்ளை இல்லை. யாருமே இல்லை.

போனை அணைத்துத் தூர வைத்தேன். அழப் போகிறாள் என்று நினைத்தேன். தூங்கி எழுந்தவள்போல என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். தன் கரண்டியை எடுத்தாள். இரண்டு வாய் தானாகச் சாப்பிட்டாள். மேஜை மேல் பாதி, வாயில் பாதி. மூன்றாவதை எடுக்கவில்லை.

பழக்கதோஷம், என் கை நீண்டுவிட்டது. "இன்னும் ஒரே..." என்று ஆரம்பித்தேன். அவள் என் மணிக்கட்டைத் தன் பிசுபிசுத்த கையால் பிடித்து, மெதுவாக, தட்டின் பக்கமாகத் திருப்பிக் கீழே இறக்கினாள். கோபமாக இல்லை. நீங்கள் அட்டையின் மேல் தாளைச் சுருக்கம் விழாமல் படிய வைப்பீர்களே, அப்படி.

"போதும்மா" என்றாள்.

அந்தச் சொல் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருஷத்தில் நம் வீட்டில் அவள் அதைச் சொன்னதே இல்லை. சொல்லும் அளவுக்கு அவளை யார் விட்டார்கள்? நான் பெரியவர்களிடம் சொல்வதுபோல "சரிம்மா" என்றேன்.

இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, தன் பொம்மை வண்டியிடம் போய்விட்டாள். அவள் பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டு விளையாடினாள். எனக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. துடைக்க வாய் இல்லை, பிடிக்கக் கை இல்லை, எண்ணக் கரண்டி இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என் எதிரே ஒரு தட்டு இருப்பதைப் பார்த்தேன்.

எடுத்துச் சாப்பிட்டேன். அவள் பிறந்த பிறகு அந்த வீட்டில் நான் உட்கார்ந்து, சூடு ஆறாமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

உங்கள் அளவுக்காரி